பாட்டு இருக்கிறது... ப்ளாப்பி இருக்கிறதா? கணினி இசையைக் காப்பாற்றுவது ஏன், எப்படி?

டி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுவது தினமும் நடக்கிற சங்கதி. வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி இறங்கும். பாதி கரையான் அரித்த டைரிகள், டேப் சுற்றிக்கொண்ட கேசட்டுகள், கூடவே நாலைந்து ப்ளாப்பி டிஸ்க்குகள். “இதை இனிமே எதுல போட்டுப் பார்க்கிறது?” என்று கேட்டபடியே பழைய பேப்பர்காரரின் தராசில் ஏற்றிவிடுவோம்.

பெரும்பாலும் அதில் யாருடைய பயோடேட்டாவோதான் இருக்கும். ஆனால் அது ஒரு கீபோர்டு கலைஞரின் வீடாக இருந்தால்? 1980-களிலும் 90-களிலும் கோடம்பாக்கம் ஸ்டுடியோக்களில் வேலை பார்த்தவர்கள் பலரும் வடபழனி, சாலிகிராமம், டி.நகர் வட்டாரத்திலேயே குடியிருந்தார்கள். அவர்கள் வீட்டு ப்ளாப்பியில், நாம் இன்றைக்கும் முணுமுணுக்கிற ஒரு பாட்டின் ‘விதை’ இருக்கக்கூடும். அந்த விதையை எடைக்குப் போட்டுவிட்டால் என்ன நஷ்டம்? பாட்டுதான் யூடியூபில் இருக்கிறதே? கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம்.

தமிழ்ப் பாட்டுக்குள் கணினி எப்போது வந்தது?

1986-ல் கே.பாலசந்தர் இயக்கி, கமல்ஹாசனும் ரேவதியும் நடித்த ‘புன்னகை மன்னன்’ வெளியானது. இளையராஜா அந்தப் படத்தின் இசைக்கு யமஹா சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியைப் பயன்படுத்தினார். இந்தியத் திரையிசையில் கணினியில் ‘சீக்வென்ஸ்’ செய்து பாட்டு உருவாக்கப்பட்ட முன்னோடிப் படங்களில் அது ஒன்று.

அதற்கு முன்பு வரை நிலைமை வேறு. ஐம்பது அறுபது கலைஞர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து வாசித்து டேக் ஓகே ஆக வேண்டும். கடைசி வரியில் ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினி வந்ததும், தாளத்தையும் பேஸையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் பிசகில்லாமல் ஓடவிடலாம் என்றானது.

அந்தக் காலகட்டத்தில் இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவர் திலீப் என்ற இளைஞர். தந்தை ஆர்.கே.சேகர் இறந்த பிறகு, அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வந்த பணத்தில் நடந்த குடும்பம் அவருடையது. பின்னர் ஏ.ஆர்.ரஹ்மான் ஆன அவர், 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டி ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ ஸ்டுடியோவை அமைத்தார். 1992-ல் ‘ரோஜா’ அங்கிருந்துதான் வந்தது. ஆக, இந்தியாவின் மின்னணு இசை வரலாற்றின் முக்கியமான அத்தியாயங்கள் நம் ஊரில், சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் நடந்திருக்கின்றன.

சரி, ப்ளாப்பியில் இருப்பது பாட்டா?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்.

கேசட்டிலும் சிடியிலும் இருப்பது ஒலி. சீக்வென்ஸர் ப்ளாப்பியில் இருப்பது ஒலி அல்ல, கட்டளை. “இந்த ஸ்வரத்தை, இந்த நேரத்தில், இவ்வளவு அழுத்தமாக வாசி, இந்த நேரத்தில் நிறுத்து.” அவ்வளவுதான். இந்தக் கட்டளைகளை எல்லாக் கம்பெனிக் கருவிகளும் புரிந்துகொள்ளும்படி 1983-ல் வந்த பொது மொழிதான் ‘மிடி’. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு முன்கை எடுத்தவர்கள்.

நமக்குத் தெரிந்த உதாரணம் சொன்னால் எளிதாகப் புரியும். கச்சேரியின் ஒலிப்பதிவு ஒன்று. அதே கீர்த்தனையின் ஸ்வரக்குறிப்பு இன்னொன்று. மிடி என்பது ஸ்வரக்குறிப்பு மாதிரி. ஐந்து நிமிடப் பாட்டை சிடி தரத்தில் ஒலியாகச் சேமிக்க ஏறக்குறைய 50 எம்பி வேண்டும். அதே பாட்டின் மிடி கட்டளைகள் சில பத்து கேபி-க்குள் அடங்கிவிடும். அதனால்தான் 720 கேபி மட்டுமே கொள்ளும் ஒரு ப்ளாப்பியில் பல பாட்டுகளை வைத்துக்கொள்ள முடிந்தது.

ஸ்வரக்குறிப்பைப் பார்த்துப் பாடத் தொண்டை வேண்டும் அல்லவா? அதேபோல மிடி ஓடுவதற்கு சிந்தசைஸர் வேண்டும். அந்த சிந்தசைஸரில் எந்த ‘பேட்ச்’, அதாவது எந்த நாதம், எப்படித் திருத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிய வேண்டும். ப்ளாப்பி மட்டும் கிடைத்து, பேட்ச் தொலைந்துபோனால், நாகஸ்வரத்துக்கு எழுதியதை ஆர்மோனியத்தில் வாசித்த கதையாகிவிடும்.

அதான் பாட்டு இருக்கே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?

நியாயமான கேள்வி. கேட்டு ரசிக்க மட்டும் என்றால் பாட்டே போதும். ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்ள, முடிந்த பாட்டு போதாது. எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்ட பண்டம் அது. சாம்பாரைச் சுவைத்துவிட்டுப் பெருங்காயம் எப்போது போட்டார்கள் என்று சொல்கிற மாதிரி.

மூலக் கோப்பு கிடைத்தால் பல கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். தாளம் இயந்திரக் கணக்கில் துல்லியமாக இருக்கிறதா, மனித வாசிப்பு போலத் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே கொஞ்சம் முன்பின் நகர்த்தப்பட்டிருக்கிறதா? மேற்கத்திய கீபோர்டின் 12 சுருதிகளுக்குள் நம் கமகத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள்? மிடியில் ஸ்வரத்தை வளைக்க ‘பிட்ச் பெண்ட்’ என்ற வசதி உண்டு. அதில் 16,384 படிகள் வரை இருக்கின்றன. அந்தச் சக்கரத்தை விரலால் எந்த வேகத்தில் தள்ளினார்கள் என்பது அப்படியே கோப்பில் பதிவாகியிருக்கும். ஒலிப்பதிவிலிருந்து இதைத் துல்லியமாகப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம்.

நமக்கு இது புதிதும் அல்ல. 1904-ல் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’யை வெளியிட்டபோது, வெறும் ஸ்வரம் போதாது என்று கமகங்களுக்கும் தனித்தனி அடையாளங்கள் போட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் எந்த வடிவில் பாடப்பட்டன என்று இன்றைக்கு விவாதிக்க முடிகிறதென்றால், அந்த உழைப்பும் ஒரு காரணம். 1986-ன் ப்ளாப்பிகளுக்கு அப்படி ஒரு சுப்பராம தீட்சிதர் வேண்டும் என்பதுதான் இப்போதைய தேவை.

எதெல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது?

முதலில் டேப். காந்தத் துகள்களை நாடாவோடு ஒட்டவைக்கும் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும். அப்படியே இயந்திரத்தில் ஓடவிட்டால் துகள்கள் உரிந்து வந்துவிடும். பதிவு போனது போனதுதான். இத்தகைய டேப்புகளை நிபுணர்கள் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் மிதமான சூட்டில் பல மணி நேரம் பக்குவமாகச் ‘சுட்டு’, ஈரத்தை நீக்கி, உடனே பிரதி எடுத்துவிடுவார்கள். வருஷத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிறைந்த சென்னைக்கு இது ஒரு கூடுதல் தலைவலி. பூஞ்சை வேறு.

இரண்டாவது ப்ளாப்பி. அதிலும் காந்தப் பூச்சுதான். வருஷம் ஆக ஆகப் படிக்க முடியாத பகுதிகள் கூடிக்கொண்டே போகும். பத்து வருடம் முன்பு திறந்த டிஸ்க் இன்று திறக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, பலர் யோசிக்காத ஒன்று: பேட்டரி. 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 உலகம் முழுக்கப் பிரபலமான சிந்தசைஸர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டுபிடித்த ‘எஃப்எம்’ முறையில் நாதத்தை உண்டாக்கும் கருவி அது. கலைஞர் தானே உருவாக்கிய நாதங்களை அதன் உள்நினைவில் 32 வரை வைத்துக்கொள்ளலாம். அந்த நினைவைக் காத்து வருவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன பேட்டரி. அது செத்தால், வெளியே பிரதி எடுத்து வைக்காத நாதங்கள் எல்லாம் போய்விடும். கருவி பளபளவென்று இருக்கும். அதன் ஞாபகம் மட்டும் காலி.

நான்காவது, வெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். தரைத்தளத்தில் அட்டைப் பெட்டியில் வைத்த டேப்புக்கு அதன்பிறகு ஆயுள் ஏது?

ஐந்தாவது, இடமாற்றம். ஸ்டுடியோ என்பது நிரந்தரமான இடம் அல்ல. சாலிகிராமம் பிரசாத் ஸ்டுடியோ வளாகத்தில் பல பத்தாண்டுகள் வேலை செய்த இளையராஜாவே அங்கிருந்து வெளியேறி, 2021 பிப்ரவரியில் கோடம்பாக்கத்தில் தன் புதிய ஸ்டுடியோவில் பணியைத் தொடங்கினார். அவ்வளவு பெரிய ஆளுமைக்கே இந்த நிலை. ஒரு சாதாரண கீபோர்டு புரோகிராமர் வாடகை வீடு மாறும்போது, எது லாரியில் ஏறும், எது குப்பைக்குப் போகும்?

கடைசியாக, மனிதர்களின் நினைவு. “அந்த சவுண்டை எப்படி சார் வரவழைச்சீங்க?” என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள்.

வேறு எங்காவது இதைக் காப்பாற்றியிருக்கிறார்களா?

நம் நாட்டிலேயே உண்டு. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-ல் ஒரு மின்னணு இசை ஸ்டுடியோ தொடங்கப்பட்டது. நியூயார்க்கின் டேவிட் ட்யூடர் வந்து மூக் சிந்தசைஸரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை உருவாக்கினார்கள். சில வருடங்களிலேயே ஸ்டுடியோ முடங்கியது. டேப்புகள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தூங்கின.

சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, லண்டனைச் சேர்ந்த கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். டேப்புகள் சரிசெய்யப்பட்டு, 2023-ல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற தொகுப்பாக வெளிவந்தன. இந்தியாவில் மின்னணு இசை என்பது 80-களின் டிஸ்கோவோடு தொடங்கியது என்று நினைத்திருந்தவர்கள், கணக்கைப் பத்து வருடத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று.

மும்பையில் சரண்ஜித் சிங் என்ற ஸ்டுடியோ கலைஞரின் கதையும் இதேதான். 1982-ல் ரோலண்ட் சிந்தசைஸர்களையும் டிரம் மெஷினையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் செய்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுவெளியீடு ஆனபோது உலகமே வியந்தது. சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ பிறப்பதற்குச் சில வருடம் முன்பே அதே ஒலி மும்பையில் கேட்டிருக்கிறது!

இங்கிலாந்தில், பிபிசி-யின் மின்னணு இசைப் பிரிவில் வேலை செய்த டீலியா டெர்பிஷயர் 2001-ல் இறந்த பிறகு, அவர் வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. அவை இப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் இருக்கின்றன. அங்கேயும் பரண்தான்! வித்தியாசம் என்னவென்றால், அவற்றை யாரும் எடைக்குப் போடவில்லை.

சென்னையில் என்ன வசதி இருக்கிறது?

வெறுங்கையோடு நிற்கவில்லை நாம். மியூசிக் அகாடமியில் டேக் நிறுவனத்தின் உதவியோடு அமைந்த டிஜிட்டல் காப்பகத்தில் பழைய கச்சேரிகளை அங்கேயே அமர்ந்து கேட்கலாம். 1994-ல் தொடங்கப்பட்டு இப்போது தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை யார் பொக்கிஷம் என்று நினைத்தார்கள்? இன்று ஆய்வாளர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள்.

கணினியைக் கொண்டு இசையை ஆராய்வதிலும் சென்னை முன்னால் நிற்கிறது. பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் 2011-ல் தொடங்கிய ‘காம்ப்மியூசிக்’ திட்டத்தில் கர்நாடக இசையும் ஒன்று. அதில் சென்னை ஐஐடி-யின் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு பங்கேற்றது. ஒரு கச்சேரியின் ஆதார சுருதியைக் கணினி தானே கண்டறிவது, ராகத்தின் பிடிகளைத் தேடிப் பிடிப்பது, மிருதங்கச் சொற்களை அடையாளம் காண்பது என்று வேலைகள் நடந்தன. இசையைக் கற்றுத்தர, 2008-ல் ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் இங்கே உண்டு.

காப்பகம் இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது. ஆனால் காப்பகங்களின் கவனம் கச்சேரி மீதும் இசைத்தட்டு மீதும் அச்சுப் புத்தகம் மீதும் இருந்து வந்திருக்கிறது. ப்ளாப்பி, பேட்ச், சீக்வென்ஸ் போன்றவையும் ஆவணங்கள்தான் என்ற எண்ணம் பரவலாக வர வேண்டும். அதோடு வாய்மொழி வரலாறும் வேண்டும். மும்பை ஸ்டுடியோ கலைஞர்களைத் தேடித் தேடிப் பேட்டி கண்டு, கிரிகோரி பூத் 2008-ல் ‘பிஹைண்ட் தி கர்ட்டன்’ என்ற நூலை எழுதினார். கோடம்பாக்கத்தின் கீபோர்டுக் கலைஞர்களுக்கும் புரோகிராமர்களுக்கும் அப்படிப்பட்ட தொகுப்புகள் வர வேண்டும். கேசட் அட்டையில் பெயர் வராதவர்கள் அவர்களில் அநேகம்.

காப்புரிமை குறுக்கே வராதா?

வரும். ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடங்களுக்கு அதன் உரிமை நீடிக்கும். 1986-ல் வெளியான பாட்டின் ஒலிப்பதிவு என்றால் 2046 முடியும் வரை. இசையமைப்பின் உரிமை தனி. அது படைத்தவரின் ஆயுட்காலமும், அதன்பின் 60 வருடமும். இதில் தயாரிப்பாளர், ஆடியோ கம்பெனி, இசையமைப்பாளர் என்று பல தரப்பு உண்டு.

ஆனால் பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதியை, பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமித்துக்கொள்ள இடம் தருகிறது. ப்ளாப்பி ஏற்கெனவே டிஜிட்டல் என்பதால் இந்த விலக்கு அதற்கு நேரடியாகப் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. ஆகவே உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதே நல்லது. 2046 வரை காத்திருந்தால் உரிமை தீரும். ப்ளாப்பி அதற்குள் தீர்ந்துவிடும்.

உங்கள் வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்?

1. முதலில், தூக்கிப் போடாதீர்கள். லேபிளில் உள்ள கிறுக்கலைக்கூட அழிக்காதீர்கள். பாட்டின் பெயர், தேதி, கருவியின் பெயர் இவைதான் பிற்பாடு துப்பு.

2. “ஓடுதான்னு பார்ப்போம்” என்று பழைய டேப்பை பிளேயரில் போடாதீர்கள். பூஞ்சையோ பிசுபிசுப்போ இருந்தால் அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம்.

3. ப்ளாப்பியின் மூலையில் உள்ள எழுதுதடைத் தாழ்ப்பாளை நகர்த்தி, தவறுதலாக அழியாமல் செய்யுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுப்பதைவிட, டிஸ்க் முழுவதையும் அப்படியே படம்பிடிப்பது போலப் பிரதி எடுப்பது மேல். இதற்கென்றே கிரீஸ்வீசல், கிரையோஃப்ளக்ஸ் போன்ற கருவிகள் உள்ளன.

4. பழைய சிந்தசைஸர் இருந்தால், பேட்டரி மாற்றும் முன்பு உள்ளே இருக்கும் பேட்ச்களை கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிஎக்ஸ்7 பேட்ச்களை இன்று ‘டெக்ஸ்ட்’ என்ற இலவச மென்பொருளிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சிஎக்ஸ்5எம் வகைக் கணினிகளைப் போலச் செயல்பட ‘ஓப்பன்எம்எஸ்எக்ஸ்’ இருக்கிறது.

5. டேப்பை டிஜிட்டல் ஆக்கினால் எம்பி3 வேண்டாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் சுருக்காமல் சேமிப்பது உலக ஒலிக் காப்பகங்கள் பரிந்துரைக்கும் தரம். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலைக்கு அது பெரிய செலவல்ல. மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு ஊரில் வையுங்கள்.

6. வீட்டில் அந்தக் காலத்துக் கலைஞர் இருந்தால், போனை ஆன் செய்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த ஸ்டுடியோ, எந்தக் கருவி, யார் வாடகைக்குக் கொடுத்தது, எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை. நேரம் மட்டும் போதும்.

மார்கழி வந்தால் மயிலாப்பூர் சபாக்களில் பாடகரின் பக்கத்தில் ஒரு சின்னச் சுருதிப் பெட்டி சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பெங்களூருவின் ஜி.ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தபோது தம்புராவோடு ஒப்பிட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. இப்போது அந்தப் பெட்டியின் இடத்தையும் செல்போன் செயலி பிடித்துக்கொண்டது. அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய சுருதிப் பெட்டி ஒன்று கையில் கிடைத்தால், அதையும் ஒரு தடவை ஆன் செய்து, அதன் நாதத்தைப் பதிவு செய்துவிட்டு, அட்டையில் வருஷத்தை எழுதி வையுங்கள். அதுவும் இந்த ஊரின் மின்னணு இசைதான்.